கோயிலுக்குக் கூடுகிற ஊர் வாய்க்காலுக்கு ஏன் கூடுவதில்லை?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. அம்மன் கோயில் சடங்கு என்றால் யாரும் கூப்பிடாமலே ஊரே வந்து நிற்கும். அதே ஆட்களைப் பெரும்போகத்துக்கு முன்னால் வாய்க்கால் துப்புரவுக்குக் கூப்பிட்டால் பத்துப் பேர்கூடத் தேறுவதில்லை. சனங்கள் கெட்டுப்போய்விட்டார்களா? சமூக வலையமைப்பு பற்றிய ஆராய்ச்சிகளில் இதற்கு விளக்கம் உண்டா?"

சனங்கள் கெட்டுப்போகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பந்தல் போட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்கு வராமல் விடுகிறார் என்றால், இரண்டு நாளில் அவருடைய குணம் மாறியிருக்காது. அவரைச் சுற்றி நிற்கிற ஆட்கள் மாறியிருக்கிறார்கள். கோயிலில் அவர் யாருக்கு நடுவில் நிற்கிறார், அவர் வராவிட்டால் அது யார் கண்ணில் படும், நாளைக்கு அவரை யார் ஒதுக்க முடியும் என்பது ஒரு மாதிரி. வயலில் அது வேறு மாதிரி. ஒத்துழைப்பு ஆராய்ச்சியில் கடந்த முப்பது வருடத்துக்கு மேலாக நடந்து வருவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அளக்கிற வேலைதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950 இல் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்ற இருவர் ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். பிறகு ஆல்பர்ட் டக்கர் அதற்குக் 'கைதியின் சிக்கல்' என்று பெயர் வைத்தார். இரண்டு பேர். இருவரும் உதவினால் இருவருக்கும் நன்மை. ஆனால் மற்றவர் உதவினாலும் உதவாவிட்டாலும் எனக்கு இலாபம் உதவாமல் இருப்பதுதான். இருவரும் அப்படியே கணக்குப் போட்டால் இருவருக்கும் நட்டம். "எண்ட வயலுக்குத் தண்ணி வருகுதுதானே மச்சான், நான் ஏன் மினக்கெட?" என்று கேட்பவர் இந்தக் கணக்கைத் தாள் பேனா இல்லாமல் போட்டு முடித்தவர்.

ஒரு பெரிய கூட்டத்தில் யாரும் யாரையும் எழுந்தமானமாகச் சந்திக்கிறார்கள், சந்தித்தவுடன் பிரிகிறார்கள் என்றால் இந்தக் கணக்கில் உதவுபவர் அழிந்தே போவார். மார்ட்டின் நோவாக், ராபர்ட் மே இருவரும் 1992 இல் அதை மாற்றிப் பார்த்தார்கள். கணினியில் ஒரு சதுரங்கப் பலகை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆள். அவர் தன் பக்கத்துக் கட்டங்களோடு மட்டும்தான் விளையாடுவார், அடுத்த சுற்றில் பக்கத்தில் யார் அதிகம் சம்பாதித்தாரோ அவரைப் பார்த்துச் செய்வார். நினைவு கிடையாது, பழிவாங்கல் கிடையாது, நல்ல மனம் என்று ஒன்றும் கிடையாது. அப்படியிருந்தும் உதவுபவர்கள் அழியவில்லை. கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டு தப்பினார்கள். கும்பலின் ஓரத்தில் நிற்பவருக்கு அடி விழும். ஆனால் உள்ளே இருப்பவரைச் சுற்றி எல்லோரும் உதவுபவர்கள் என்பதால், ஏமாற்றுபவரைவிட அவருக்கு வருமானம் கூட.

2006 இல் ஓட்சுகி, ஹவர்ட், லீபர்மன், நோவாக் நால்வரும் இதைச் சில நிபந்தனைகளுக்குள் ஒரு எளிய விதியாகச் சுருக்கினார்கள். உதவி பெறுபவருக்கு வரும் நன்மையை உதவுபவரின் செலவால் வகுத்து வரும் எண், ஒருவருக்குச் சராசரியாக இருக்கிற அயலவர் எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு நாலு அயலவர் என்றால், நான் செலவழிக்கும் ஒரு ரூபாய் மற்றவருக்கு நாலு ரூபாய்க்கு மேல் பெறுமதியாக வேண்டும். நாற்பது அயலவர் என்றால் நாற்பதுக்கு மேல். தொடர்பு கூடக்கூட ஒற்றுமை கூடும் என்றுதான் மேடையில் பேசுவார்கள். இந்த விதி நேர் எதிராகச் சொல்கிறது: ஆளுக்கு ஆள் தொடர்பு குறைவாகவும் நிலையாகவும் இருக்கிற இடத்தில்தான் உதவி வேர் பிடிக்கும். கமக்காரர் அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்து "எல்லோரும் நாளைக்கு வாருங்கள்" என்று போடுகிற தலைவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தச் செய்திக்குக் கும்பிடு போட்ட கை எத்தனை மண்வெட்டி பிடித்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் இதை அப்படியே மனிதர்கள்மேல் போட முடியாது. ஸ்பெயினின் அரகோன் பகுதியில் 1,229 மாணவர்களைக் கணினி முன் இருத்தி ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள். 2012 இல் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினர் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை அயலவர் உள்ள வலையில். மற்றவர்கள் சிலருக்கு நிறையத் தொடர்பும் பலருக்குக் கொஞ்சத் தொடர்பும் உள்ள வலையில். இரண்டிலும் ஒத்துழைப்பு ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறங்கியது. வலையின் வடிவம் ஒன்றும் செய்யவில்லை. காரணம் என்னவென்றால், கணினி ஆள் பக்கத்தில் யார் அதிகம் சம்பாதித்தார் என்று பார்ப்பான். மனிதன் அதைப் பார்ப்பதில்லை. 'போன முறை எத்தனை பேர் வந்தார்கள், நான் வந்தேனா' என்றுதான் பார்க்கிறான். வந்தவர்கள் குறைந்தால் அடுத்த முறை தானும் நிற்கிறான்.

டேவிட் ராண்ட், சாமுவேல் ஆர்ப்ஸ்மன், நிக்கலஸ் கிறிஸ்டாக்கிஸ் மூவரும் 2011 இல் வெளியிட்ட பரிசோதனையில் ஒரு சின்ன மாற்றம். உதவாதவனோடு தொடர்பை அறுத்துக்கொள்ளவும், உதவுபவனோடு புதிதாகச் சேரவும் ஆட்களுக்கு அடிக்கடி வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒத்துழைப்பு விழாமல் நின்றது. வலை மாறாத இடத்திலும், எழுந்தமானமாகக் கலைத்துப்போட்ட இடத்திலும் விழுந்தது. மூன்று வருடம் கழித்து அதே ராண்ட் வேறு சிலரோடு சேர்ந்து, வலை மாறாவிட்டாலும் மேலே சொன்ன விதி நிறைவேறுகிற அளவுக்கு நன்மை பெரிதாக இருந்தால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று காட்டினார். ஆகவே, ஏமாற்றுபவனை விட்டு விலக வழி இருக்க வேண்டும், அல்லது கொஞ்சப் பேரோடு நிரந்தரமாகக் கட்டுப்பட்டு, அதில் வரும் நன்மை கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடம் எது? உங்கள் வாய்க்கால்.

இப்போது கோயிலுக்கு வருவோம். மட்டக்களப்புப் பகுதியில் கோயில் ஒருபோதும் 'ஊர்ப் பொது' என்ற ஒற்றைக் கட்டியாக இருந்ததில்லை. தாய்வழி வம்சங்களாக, அதாவது குடிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவி இன்ன குடிக்கு, இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு, கோயில் மரியாதையான காளாஞ்சி கொடுக்கிற ஒழுங்கு இன்னது என்று வரையறை உண்டு. கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற, பல ஊர்களுக்குப் பொதுவான தேசத்துக் கோயில்களில் இது பெரிய அளவில் தெரியும். சின்ன அம்மன் கோயில்களிலும் தங்கள் தங்கள் அளவில் உண்டு. இந்தப் பகுதியின் முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிகள் உண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயர் பொறுப்பு குடிவழி வந்த ஊர்கள் உண்டு.

இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐந்தாம் நாள் சடங்கு ஒரு குடியினுடையது என்றால், அன்றைக்கு வாழை கட்டாமல் விட்டால் 'ஊர் கட்டவில்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'இன்னாருடைய குடி கட்டவில்லை' என்றுதான் சொல்வார்கள். சின்னக் குழு, எல்லோருக்கும் தெரிந்த எல்லை, பெயரோடு வருகிற மானம். அதே நேரத்தில் குழு மூடிய பெட்டியும் அல்ல. அந்தக் குடியின் ஆண்கள் வேறு குடிகளின் வீடுகளில் மருமக்களாக இருக்கிறார்கள். செய்தி அங்கே அன்றிரவே போகும். மச்சான்மாரின் நக்கலுக்கு ஈடாக எந்தத் தண்டப் பணமும் கிடையாது.

வயலில் இதெல்லாம் ஒருகாலம் இருந்தது. முழுக்க நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். காணிச் சொந்தக்காரரான போடியாருக்கும் அவருடைய வயலைச் செய்த முல்லைக்காரருக்கும் நடுவில் இருந்த உறவில் நீதி எவ்வளவு இருந்தது என்பது தனிக் கேள்வி. ஆனால் வலை நிலையாக இருந்தது. ஒரே முல்லைக்காரர் ஒரே வயற்கண்டத்தில் வருடக்கணக்காக இருந்தார். வரம்புக்கு அப்பால் யார் இருக்கிறார் என்பது தெரியும், அவர் நாளைக்கும் இருப்பார் என்பதும் தெரியும். வட்டை என்ற வயல்வெளியின் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கிற வட்டைவிதானை வாய்க்கால் கரையில் நடந்து போனால் எந்தத் துண்டு யாருடையது என்று கேட்காமலே சொல்வார். கதிர் வெட்ட ஆள் வேண்டும் என்பதால் இன்றைக்கு நான் உன் வயலுக்கு, நாளைக்கு நீ என் வயலுக்கு என்று போக வேண்டியிருந்தது.

இப்போது பல காணிகள் போகத்துக்குப் போகம் குத்தகை மாறுகின்றன. காணிக்காரர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். குத்தகைக்காரர் ஒரு போகத்துக்கு வந்தவர். அறுவடைக்கு மெசின் வருகிறது, ஏக்கர் கணக்கில் காசு வாங்குகிறது, போகிறது. பக்கத்து வயல்காரர் யாரென்று தெரியாமலே ஒருவர் விதைத்து வெட்டிக் கொண்டுபோகலாம். மெசினைக் குறை சொல்லவில்லை. இடுப்பு முறிய வெட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அது வந்தபோது, யாரும் திட்டமிடாமலே, வலையின் பல இழைகளை அறுத்துவிட்டுப் போயிற்று. ஒரு போகத்துக்கு வந்தவரை நீங்கள் ஒதுக்கி என்ன பயன்? அவரே அடுத்த போகம் இருக்கமாட்டார்.

இதிலே இன்னொரு சிக்கல் உண்டு. வாய்க்கால் துப்புரவு எல்லா இடத்திலும் கைதியின் சிக்கல் அல்ல. மதகில் ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அந்த மதகை நம்பி இரண்டு வயல்தான் இருக்கிறது. யாரும் எடுக்காவிட்டால் இருவருக்கும் பயிர் காயும். அதனால் மற்றவர் எடுக்கமாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நான் எடுத்தே விடுவேன். அவர் எடுப்பார் என்று தோன்றினால் எடுக்கமாட்டேன். கிறிஸ்டோஃப் ஹவர்ட், மைக்கேல் டோபெலி இருவரும் 2004 இல் இந்த வகை விளையாட்டைச் சதுரப் பலகையில் ஓட்டிப் பார்த்தபோது, அயலவர் அமைப்பு ஒத்துழைப்பைப் பல நேரம் குறைக்கிறது என்று வந்தது. ஆகவே 'சின்னக் குழுவாகப் பிரி' என்பது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இரண்டு மூன்று பேர் மட்டும் நம்பியிருக்கிற மதகுக்கு முறை போட்டு எழுதி வைப்பதுதான் வழி. ஒற்றைப்படைக் கிழமை ஒருவர், இரட்டைப்படைக் கிழமை மற்றவர். அங்கே ஒற்றுமை பற்றிய சொற்பொழிவு வீண்.

யானைக் காவலைப் பாருங்கள். காட்டோரக் கண்டங்களில் இரவுக் காவலுக்கு ஆட்கள் வராமல் விடுவது குறைவு. ஒவ்வொரு காவல் வாடியிலும் ஒரு விளக்கு. நடுச்சாமத்தில் ஒரு பக்கத்தில் வெடி கேட்டால் வரிசையாக மற்ற வாடிகளிலிருந்து டோர்ச் அடிக்கும். ஒரு வாடியிலிருந்து வெளிச்சம் வரவில்லை என்றால் அது எல்லோருக்கும் தெரியும், விடிந்ததும் முதல் கேள்வி அதுதான். யாரும் சட்டம் போடவில்லை. இருட்டில் வெளிச்சம் தெரிகிற தூரம்தான் அங்கே குழுவின் எல்லை.

சரி, பெரிய வாய்க்காலுக்கு என்ன செய்வது? உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படுகிற உதாரணம் உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. அம்பாறையின் கல்லோயா இடதுகரை. இங்கினியாகலையில் அணை கட்டி உருவான சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து தண்ணீர் வருகிறது. மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், வாய்க்காலின் கடைப்பகுதிகளில் தமிழ், முஸ்லிம் விவசாயிகள். 1956 இல் தமிழர்களுக்கு எதிரான வன்செயல் நடந்த அதே பள்ளத்தாக்கு என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். 1980 களின் தொடக்கத்தில் அங்கே நீர்முறை குழம்பியிருந்தது. வாய்க்கால்கள் வருடக்கணக்காகத் துப்புரவு காணாமல் கிடந்தன, தலைப்பகுதிக்காரர் அளவுக்கு மீறி எடுத்தார்கள், கடைப்பகுதிக்குத் தண்ணீர் போகவில்லை. அதிகாரிகள் விவசாயிகளைத் திட்டினார்கள், விவசாயிகள் அதிகாரிகளைத் திட்டினார்கள்.

1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் ஆட்களை ஊர்களில் கொண்டுபோய் இருத்தின. கோர்னெலிலிருந்து நோர்மன் அப்ஹொஃப் இதில் முக்கியமானவர். அந்த இளைஞர்கள் முதலில் சங்கம் அமைக்கவில்லை, தலைவர் செயலாளர் பொருளாளர் என்று யாரையும் தெரிந்தெடுக்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்து இருபது பேரைச் சேர்த்து, 'உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை, நீங்களே எதைச் செய்யலாம்' என்று கேட்டார்கள். வேலை முதலில், அமைப்பு பிறகு. அந்தப் பத்து இருபது பேர் ஒருமித்து ஒரு பிரதிநிதியைத் தெரிந்தெடுத்தார்கள், வாக்கெடுப்பு இல்லை. பிரதிநிதிகள் கிளை வாய்க்கால் மட்டத்தில் கூடினார்கள், அதற்கு மேல் பகுதி மட்டம், அதற்கு மேல் முழுத் திட்டத்துக்குமான குழுவில் அதிகாரிகளோடு ஒரே மேசை.

வலையின் கண்ணோடு பார்த்தால் இது அழகான வேலை. கீழே ஒருவருக்கு ஒருவர் முகம் தெரிந்த சின்னக் குழு. ஆனால் குழுக்கள் தனித்தனித் தீவாக நிற்கவில்லை, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழை மேலே போகிறது. தலைப்பகுதிப் பிரதிநிதி கடைப்பகுதிப் பிரதிநிதியை முதன்முறையாக முகத்துக்கு முகம் சந்தித்தார். அதுவரை 'கீழே உள்ளவன்' என்பது ஒரு பேச்சு. இப்போது எதிரில் இருக்கிற, பயிர் காய்ந்த ஒரு ஆள். சில கிழமைகளிலேயே வாய்க்கால் துப்புரவும் முறைவைத்துத் தண்ணீர் விடுவதும் தொடங்கி, மேலே மிச்சம்பிடித்த தண்ணீர் கீழே போகத் தொடங்கியது. எலினோர் ஒஸ்ட்ரம் பொதுவளங்கள் பற்றி 1990 இல் எழுதிய நூலில் கல்லோயாவை எடுத்துப் பேசுகிறார். 2009 இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் அவர்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்த இளம் ஆட்களில் பெரும்பாலானோர் நிரந்தர அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் போய்விட்டார்கள். நம் நாட்டில் வேறென்ன நடக்கும்? வெளிநாட்டு உதவியும் 1980 களின் நடுவில் முடிந்தது. வலை நின்றது. 1997 சிறுபோகத்தில் குளத்தில் நெல்லுக்குத் தண்ணீர் போதாது என்று சொல்லப்பட்டபோது, அமைப்புகள் தண்ணீரைப் பங்கிட்டு 65,000 ஏக்கரில் வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்தன. நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. கீழ்ப்பகுதியின் சிறுபான்மை விவசாயிகளுக்கும் மேல்பகுதிக்குச் சமமாகத் தண்ணீர் கிடைத்தது என்று அப்ஹொஃபும் விஜயரத்னவும் பதிவு செய்திருக்கிறார்கள்.

வலை நல்லதற்கு மட்டும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நுண்கடன் குழுக்கள் நம் ஊர்ப் பெண்களுக்குச் செய்தது அதற்குச் சாட்சி. ஐந்தாறு பேரைக் குழுவாக்கி, ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது விதி. காசு வாங்க வந்தவர், தவறியவரின் வீட்டு முற்றத்திலேயே மற்றப் பெண்களையும் காத்திருக்க வைத்த கதைகளைக் கேட்காத ஊர் இல்லை. அங்கே விலகும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. கடன் முடியும்வரை யாரும் யாரையும் விட முடியாது. இருந்த அயல் உறவும் கசந்து போகும். இதைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சீட்டு நடத்துகிற அக்கா ஆள் பார்த்துத்தான் சேர்ப்பார். புதிதாக வந்தவருக்குப் பிந்திய முறைதான் கொடுப்பார், முந்தி எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல். ஒருமுறை இழுத்தடித்தவர் அடுத்த சீட்டில் இருக்கமாட்டார். டேவிட் ராண்ட் கணினியில் கண்டுபிடித்ததை அந்த அக்கா தன் கொப்பியில் முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

அதேபோல உள்ளே இறுக்கம் கூடினால் வெளியே இழை குறையும் ஆபத்தும் உண்டு. கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை கரையோரம் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி வருகின்றன. வயலும் வாய்க்காலும் நெல் வியாபாரமும் இரண்டையும் இணைத்து வைத்திருந்தன. யுத்த வருடங்களில் அந்த இழைகள் அறுந்தபோது ஒவ்வொரு ஊரும் தனக்குள் இன்னும் இறுகியது. இந்திய நகரங்களை ஆராய்ந்த அசுதோஷ் வார்ஷ்னி 2002 இல் சொன்னதும் இதற்கு நெருங்கியதுதான்: இரு சமூகத்தாரும் கலந்த வியாபாரச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உள்ள நகரங்களில் வதந்தி கலவரமாக மாறுவது குறைவு. உங்கள் வாய்க்காலின் கடைசியில் வேறு ஊர்க்காரர் இருந்தால், உங்கள் ஊருக்குள் எவ்வளவு ஒற்றுமை வந்தாலும் தண்ணீர் அவருக்குப் போகாது. கூட்டத்தில் அவர் இருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஊர் முழுவதையும் ஒரே நாளில் கூப்பிடமாட்டேன். கிளை கிளையாகப் பிரித்து, ஒரு கிளைக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் போகாமல், எந்தத் துண்டு யாருடையது என்று மதகிலிருந்து மதகுக்கு அளந்து, குற்றியில் பெயர் எழுதி அடிப்பேன். காணிக்காரரின் பெயர் வேண்டாம், அந்தப் போகம் செய்கிறவருடைய பெயர். ஒவ்வொரு கிளைக்கும் பொறுப்பாளராகக் கடைசி வயல்காரரைப் போடுவேன், தலைமதகுக்காரரை அல்ல. வாய்க்கால் அடைத்தால் முதலில் காய்வது கடைசி வயல், அவர் கவனிக்காமல் விடமாட்டார். குத்தகைக்குக் கொடுக்கிறவர்களிடம் துப்புரவுப் பங்கையும் குத்தகைப் பேச்சிலேயே சேர்க்கச் சொல்வேன். செய்யாமல் விட்டவருக்கு அடுத்த போகம் அந்த வட்டையில் குத்தகை கிடைக்காது என்று நாலு காணிக்காரர் ஒத்துக்கொண்டாலே விலக்குகிற வழி திரும்பி வந்துவிடும்.

இதைப் போகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்குப் பிறகு தொடங்கினால் பிந்திவிடும். விதைப்புத் திகதி, குளத்து மதகான துருசு திறக்கிற திகதி, மாடு அகற்றுகிற திகதி எல்லாம் அந்தக் கூட்டத்தில் தீர்மானமாகிவிடும். அதற்கு முன்னரே கிளைக்கொரு பெயர்ப் பட்டியலை எழுதிக் கொண்டுபோய், கமநல உத்தியோகத்தரிடம் கூட்ட அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். தண்டப் பணம் வைப்பதா என்ற வாதம் அங்கே கட்டாயம் எழும். முதல் போகத்துக்கு வேண்டாம் என்று நில்லுங்கள். பட்டியல் ஒரு போகம் ஓடட்டும், யார் வந்தார் யார் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அடுத்த கூட்டத்தில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.